போஜோ மார்க்கெட்டில் சிப்பிப் பிடிக் கத்திகள்: பாய் கடையைப் பற்றி

முத்துச்சிப்பிப் பிடி போட்ட பழைய மடக்குக் கத்தி வாங்க யாங்கோனில் நம்பிப் போகக்கூடிய கடை எது என்று யாராவது கேட்டால், போஜோ மார்க்கெட்டின் பின்வரிசையில் இருக்கும் பாய் கடையைத்தான் சொல்வேன். பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் ஜேட் கடை, பக்கத்தில் லுங்கித் துணிக் கடை, நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. திங்கட்கிழமை மார்க்கெட் மூடியிருக்கும், அன்றைக்குப் போக வேண்டாம்.

நான் வாட்ச் ரிப்பேர் செய்பவன். அனவ்ரஹ்தா சாலையில் காளி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை. பழைய பாக்கெட் வாட்ச்சுக்குச் சாவி தேடித்தான் பாய் கடைக்கு முதலில் போனேன். ஹிந்தா என்னும் அன்னப் பறவை உருவ எடைக்கற்கள், பிரிட்டிஷ் காலத்து நாணயங்கள், மை காய்ந்த பேனாக்கள் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு தட்டில் கத்திகள் கிடந்தன. விரல் நீளக் கத்திகள். ஒன்றை எடுத்து விளக்கொளியில் திருப்பியதும் வெள்ளைப் பிடியின் மேல் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடின. அன்றிலிருந்து எனக்கு இதுதான் சேகரிப்பு.

இந்தக் கடையின் பெரிய நல்ல குணம், பாய் எதையும் துலக்க மாட்டார். வந்த பொருளை ஒரு காய்ந்த துணியால் தூசி தட்டி வைப்பார், அவ்வளவுதான். கறுத்த வெள்ளி கறுத்தபடியே இருக்கும். வாங்க வருபவர்களில் பலருக்கு இது பிடிப்பதில்லை, அழுக்குச் சாமான் என்று போய்விடுகிறார்கள். எனக்கோ இதைவிடப் பெரிய தகுதி ஒரு பழம்பொருள் கடைக்கு வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். நம் வீடுகளில் வெள்ளிச் சாமானைத் திருநீறு போட்டுத் தேய்ப்போம், பித்தளைக்குப் புளி. குத்துவிளக்குக்கும் சொம்புக்கும் அது சரி. இந்தக் கத்திகளுக்கு இரண்டுமே எமன். சிப்பியின் உள்ளோடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் புளியோ எலுமிச்சையோ பட்டால் அமிலம் மேல்படலத்தை அரித்துவிடும். மினுமினுப்பு போய் வெளுத்து மங்கும், திரும்ப வராது. கடையில் விற்கும் வெள்ளி முக்கி எடுக்கும் திரவங்களிலும் அமிலம் உண்டு. திருநீறு சிப்பியைக் கரைக்காது, ஆனால் நுண்ணிய பொடியாக இருந்து வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவும். அலகில் குத்திய முத்திரைகள் மயிரிழை ஆழம்தான். நாலு தீபாவளிக்குத் தேய்த்தால் முத்திரையில் இருக்கும் சிங்கம் பூனையாகி, பூனையும் காணாமல் போகும். ஊரின் இன்னொரு பகுதியில் ஒரு கடையில் எல்லாக் கத்தியும் கண்ணாடி மாதிரி மின்னும். அங்கே ஒரு அழகான பழக்கத்தியின் முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், வெறும் வழவழப்பு. யார் செய்தது, எந்த ஊர், எந்த வருஷம், ஒன்றும் மிச்சமில்லை. அதைப் பார்த்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

முத்திரை போனால் என்ன போகிறது என்பதற்கு, பாயிடம் நான் வாங்கிய ஒரு வெள்ளிப் பழக்கத்தியைச் சொல்லலாம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். அலகு வெள்ளி, அதில் பெரணி இலை செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே துண்டுச் சிப்பி, அதில் குறுக்குக் கோடுகள் கீறியிருக்கின்றன. பிடியின் இரு முனையிலும் வெள்ளித் தொப்பி. அலகின் அடியில் மூன்று முத்திரை, அப்புறம் செய்தவரின் முதலெழுத்துகள். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீதம் வெள்ளி. கிரீடம் என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சோதித்தது. அங்கே சோதனைச் சாலை 1773-இல் வந்தது, 1970-கள் வரை கிரீடம்தான் அதன் அடையாளம். மூன்றாவது ஒரு சின்ன 'எச்' எழுத்து. ஷெஃபீல்டில் 1893-இல் சின்ன 'ஏ' என்று தொடங்கிய வரிசையில் 'எச்' 1900-ஐக் குறிக்கும். ராணி தலை இல்லை. வெள்ளிக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக 1784 முதல் அரசர் அல்லது அரசி தலையைக் குத்தி வந்தார்கள், 1890-இல் வரியை எடுத்ததும் தலையும் போனது. ஆக எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது.

எழுத்தை மட்டும் பார்த்து வருஷம் சொல்லிவிடக் கூடாது. கிரீடத்துக்குப் பதில் நங்கூரம் இருந்தால் அது பர்மிங்ஹாம். அங்கே 1900-க்கு எழுத்து சின்ன 'ஏ'. ஊர் முத்திரையை முதலில் பிடிக்க வேண்டும், எழுத்து அப்புறம். பாய்க்கு இதெல்லாம் அத்துப்படி. தன் பழைய டயரியில் இரண்டு ஊர்களின் எழுத்து வரிசையையும் கையால் எழுதி வைத்திருக்கிறார். கேட்டால் கொடுப்பார். "பாத்துட்டு சொல்லுங்க தம்பி, நான் சொன்னா வியாபாரத்துக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க" என்பார். இப்படி ஒரு கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பழம் நறுக்க எதற்கு வெள்ளி என்று என் மகள் கேட்டாள். அந்தக் காலத்து எஃகு துருப்பிடிக்கும் எஃகு. ஆப்பிளையோ ஆரஞ்சையோ வெட்டினால் பழச்சாறு பட்டு அலகு கறுக்கும், பழத்திலும் இரும்பு வாடை ஏறும். வெள்ளிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் வசதியானவர்கள் சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு வெள்ளிக் கத்தியை வைத்துக்கொண்டார்கள். 1913-இல் அதே ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அதற்குப் பிறகு வெள்ளிப் பழக்கத்திக்கு மெல்ல வேலை இல்லாமல் போய்விட்டது. ஜே.ஒய்.சி. என்ற எழுத்துகள் குத்திய கத்திகள் பாய் தட்டில் அடிக்கடி தென்படும். அது ஜான் யோமன்ஸ் கௌலிஷா, ஷெஃபீல்டில் இவ்வகைக் கத்திகளை ஏராளமாகச் செய்தவர். அந்த முத்திரை இருந்தால் வேலை சுத்தமாக இருக்கும் என்று நம்பலாம்.

இனி சிப்பிக்கு வருகிறேன். இந்தக் கத்திகளின் உயிரே அதில்தான்.

அசல் சிப்பியும் பிளாஸ்டிக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது ஒன்றாகத்தான் தெரியும். கையில் வாங்கிச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அசலில் நிறம் ஒரு இடத்தில் நிற்காது, சாய்க்கச் சாய்க்க நகரும். மைக்ரானில் பாதி அளவே தடிமன் கொண்ட ஏடுகள் அடுக்கடுக்காக இருப்பதால் ஒளி பட்டுத் திரும்பும்போது இந்த விளையாட்டு நடக்கிறது. பிளாஸ்டிக்கில் நிறம் வரைந்து வைத்தது போல அங்கேயே இருக்கும், அல்லது உடைந்த ஐஸ் மாதிரிச் சில்லுகள் தெரியும். அடுத்தது, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் உடனே சூடேறும். பல்லில் லேசாகத் தேய்த்தால் அசல் நறநறக்கும். இதைக் கடையில் செய்வதற்கு முன் பாயிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முகம் சுளிக்காமல் ஒரு சுத்தமான துணியை நீட்டுவார். சூடான ஊசியால் குத்திப் பார்க்கிறேன் என்று மட்டும் கிளம்ப வேண்டாம். சில பழைய போலிப் பிடிகள் செல்லுலாய்டு என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

வெளிச்சம் முக்கியம் என்பதால் ஒன்று சொல்கிறேன். மின்சாரம் முறை வைத்து வரும் இந்த நாட்களில், கரண்ட் இல்லாத நேரத்தில் அங்கே ஒரு சின்ன பேட்டரி விளக்குதான் எரியும். பக்கத்துக் கடை ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தியின் சத்தமும் கேட்காது. சத்தமும் ஒரு பரீட்சை. அலகைத் திறக்கும்போது கடைசியில் டக் என்று விழுந்து நிற்க வேண்டும், மூடும்போதும் அப்படியே. நொய்யென்று திறந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடினால் அச்சாணி தேய்ந்திருக்கிறது. முதுகுப் பக்கம் ஸ்பிரிங்கும் பித்தளைத் தகடும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பார்க்கலாம். நான் கையில் டார்ச் கொண்டுபோவேன், காலையிலேயே போவேன். பின்வரிசை என்றாலும் காலை வெயில் ஒரு ஓரமாகக் கடைக்குள் விழும். சிப்பியை அந்த வெயிலில் பார்ப்பதற்கு இணை இல்லை.

விரிசலை எங்கே தேடுவது? ஆணி அடித்த இடங்களில். சிப்பி கடினம்தான், ஆனால் துளை போட்ட இடத்தில் பலவீனம். கத்தி ஒரு தடவை கீழே விழுந்தால் ஆணியிலிருந்து ஓரம் வரை மயிரிழைபோல் ஓடிவிடும். அச்சாணிப் பக்கம் அதிகம். அழுக்கு ஏறிய விரிசல் பழையது, அது மேலும் ஓடாமல் அப்படியே இருக்கலாம். வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும் விரிசல் புதியது, விலையில் பாதியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். உடைந்த பிடிக்குப் புதுச் சிப்பி போட்டுத்தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அறுக்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு, தண்ணீர் விட்டுக்கொண்டு, முகமூடி போட்டுச் செய்ய வேண்டிய வேலை. சேகரிப்பவர்களுக்கு மாற்றுப் பிடி போட்ட கத்தியைவிட விரிசல் விட்ட அசலே மேல். நான் அந்தக் கட்சி.

பாய் எல்லாச் சிப்பியையும் "மெர்குயி சிப்பி" என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். தெற்கே மெர்குயி, இப்போதைய மியெய்க் தீவுகளில் பெரிய முத்துச்சிப்பி உண்டு, உண்மைதான். அந்தத் தீவுகளின் கடலோடிகளான சலோன் மக்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்ததும் உண்மை, வெள்ளைக்காரன் காலத்தில் கவச உடை போட்ட முங்காளிகளை இறக்கி அள்ளியதும் உண்மை. பின்னால் 1954-இல் ஜப்பானியர்களோடு சேர்ந்து அங்கே முத்து வளர்ப்பும் தொடங்கியது. ஆனால் இங்கிலாந்துக் கொல்லர்களுக்குச் சிப்பி ஆஸ்திரேலியாவின் வடகரையிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் போனது. எல்லா இடத்திலும் ஒரே இனம்தான், 20 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வளரும் தடித்த சிப்பி. பிடியைப் பார்த்துக் கடலைச் சொல்ல யாராலும் முடியாது.

என் தாத்தா ராமநாதபுரத்துக்காரர். ஊர்ப்பக்கம் தூத்துக்குடியில் இல்லாத சிப்பியா என்று எங்கள் உறவுக்கார அண்ணன் ஒருவர் விடாமல் வாதாடுவார். கொற்கைக் காலத்திலிருந்து நம் கடல் முத்துக்குப் பேர்போனது, அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் மன்னார் வளைகுடாச் சிப்பி வேறு இனம். முத்து தரும், ஓடு சின்னது, மெல்லியது. கத்திப் பிடி அளவுக்கு நேரான தடித்த துண்டு அதில் கிடைக்காது. கத்திக்கு மெர்குயியிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கும் பெரிய சிப்பிதான் வேண்டும். அதிலும் நீளமான பிடிக்கு ஒரே துண்டு வேண்டுமென்றால் முழுச் சிப்பியில் ஒன்றிரண்டு துண்டுதான் தேறும். அந்தக் காலத்திலேயே அதனால்தான் விலை. 1851 லண்டன் கண்காட்சிக்காக ஜோசப் ராஜர்ஸ் கம்பெனி செய்த நார்ஃபோக் கத்தியில் 75 அலகுகள், பிடி முழுக்கச் செதுக்கிய முத்துச்சிப்பி. அது இன்றும் ஷெஃபீல்டில் இருக்கிறது. ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ராஜர்ஸ் என்றதும் எஃகுப் பேனாக்கத்திகளைச் சொல்லாமல் விடக் கூடாது. அலகின் அடியில் நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் பார்த்தால் அது ராஜர்ஸ். நடுவில் கிரீடத்தோடு வி.ஆர். என்று இருந்தால் விக்டோரியா காலம், 1901-க்கு முந்தையது என்று பொதுவாகக் கொள்ளலாம். வெள்ளியைப் போல ஹால்மார்க் இல்லாததால் எஃகுக் கத்திக்கு இப்படி உத்தேசமாகத்தான் வயது சொல்ல முடியும். பாய் கடையில் எஃகுக் கத்திகள் விலை குறைவு, ஆனால் நம் மழைக்காலத்தைத் தாண்டி வந்தவை என்பதால் பாதிக்கு மேல் குழிக்குழியாகத் துரு. அதில் நான் அதிகம் வாங்குவதில்லை.

இப்போது குறைகள். முதல் குறை, செல்லுலாய்டுப் பிடிக் கத்திகளையும் அசல் சிப்பிக் கத்திகளையும் ஒரே தட்டில் போட்டு வைத்திருக்கிறார். பழைய செல்லுலாய்டு காலப்போக்கில் சிதைந்து நைட்ரிக் அமில ஆவியைக் கக்கும். அது தன் அலகைத் துருப்பிடிக்க வைப்பதோடு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், சிப்பியையும் சேர்த்து. இதைப் பாயிடம் பல தடவை சொல்லிவிட்டேன். "ஆகட்டும் தம்பி" என்பார், தட்டு அப்படியேதான் இருக்கும். இரண்டாவது, சில கத்திகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியில் கறுப்பு வளையம் போட்டுவிடும். நூலால் கட்டினால் போதும், செலவும் இல்லை. பொருளின் மேல் இவ்வளவு மரியாதை வைத்திருக்கும் மனிதர் இந்த இரண்டையும் சரி செய்தால் அவர் தட்டு இன்னும் எத்தனையோ வருஷம் நல்லபடி இருக்கும்.

மூன்றாவது விலைச் சீட்டு. எதிலும் கிடையாது. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன், டாலர் போன போக்கில் அவர் காலையில் ஒரு விலையும் சாயங்காலம் ஒரு விலையும் சொல்வதுண்டு. நான் சொன்ன அந்த 1900-ஆம் வருஷப் பழக்கத்திக்கு 3 லட்சம் கியாட்டில் தொடங்கி 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கொடுத்தார். வெள்ளி எடையைச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள், அலகில் இருக்கும் வெள்ளி சில கிராம்தான், அவருக்கும் அந்தப் பேச்சு பிடிக்காது. விரிசல், தேய்ந்த முத்திரை, ஆடும் அலகு, இவற்றைக் காட்டிப் பேசினால் இறங்கி வருவார். விற்றபின் திரும்ப வாங்குவதில்லை.

விற்காத கத்தி ஒன்றும் அங்கே இருக்கிறது. வெள்ளிப் பெயர்த் தகட்டில் ஐந்து முதலெழுத்துகள் ஆங்கிலத்தில் வரிசையாகப் பொறித்த ஒரு சிப்பிக் கத்தி. அந்தப் பாணியைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குத் தெரிந்துவிடும், நகரத்தார் கடை விலாசம், அதாவது செட்டியார்கள் தொழிலுக்கு வைக்கும் முதலெழுத்து வரிசை. 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்ததற்கு முன் ஓடியவர்கள் விட்டுப்போனதா, 1964-இல் கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறியவர்கள் வந்த விலைக்குக் கொடுத்ததா, பாயின் வாப்பா வாங்கி வைத்தாராம். வந்து கேட்கிற குடும்பத்துக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறார். எனக்கு அதை லென்ஸ் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். சிப்பியில் ஒரு கீறல் கிடையாது. உங்கள் வீட்டு விலாசத்தில் ஐந்து எழுத்து இருந்து, பாட்டனார் ரங்கூனில் கொண்டுவிற்றவர், அதாவது தொழில் செய்தவர் என்றால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அச்சாணிக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, நாளானால் பிசுக்காகி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். பிடியை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். தோல் உறையில் வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்து எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். காற்றோட்டமில்லாத மரப்பெட்டியும் வேண்டாம். சில மரங்கள், முக்கியமாக ஓக், அமில ஆவி விடும். அருங்காட்சியகங்களில் சிப்பிகள் மேல் வெள்ளைப் பொடி பூத்துப் போவது இதனால்தான். நான் ஒவ்வொன்றையும் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். ஜூன் முதல் அக்டோபர் வரை பொட்டலத்தை அடிக்கடி மாற்றுவேன்.

முதல் தடவை போகிறவர்கள் எஃகை விட்டுவிட்டு வெள்ளிப் பழக்கத்தியில் தொடங்குங்கள், முத்திரை படிக்கப் பழகிக்கொள்ளலாம். கண்ணாடிப் பெட்டியில் இருப்பதோடு திரும்பிவிடாதீர்கள். கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது, புதிதாக வந்தவை அதில்தான் இருக்கும். கேட்டால்தான் எடுப்பார்.